பார்கின்சனுக்கு ஆக்குபேஷனல் தெரபி: வீட்டிலா, கிளினிக்கிலா, வீடியோவிலா?

பார்கின்சன் நோய்க்கு என்ன மருந்து, எத்தனை வேளை என்பதை நரம்பியல் மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிடுவார். ஆக்குபேஷனல் தெரபி (உடுத்துவது, குளிப்பது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைச் சமாளிக்கப் பழக்கும் சிகிச்சை) என்று வந்தால் "போய்ப் பாருங்கள், உதவும்" என்பதோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். தெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைப்பதா, கிளினிக்குக்கு அழைத்துப் போவதா, வீடியோவில் பேசினால் போதுமா, பேசாமல் நாலு உபகரணங்களை வாங்கி வைத்துவிட்டால் ஆகாதா, இப்போதே ஆரம்பிக்க வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா? இதையெல்லாம் நோயாளியும் குடும்பமும் உட்கார்ந்து தாங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வேலை, எந்த இடத்தில், எந்த நேரத்தில் தடுமாறுகிறதோ, அந்த இடத்துக்கும் நேரத்துக்கும் தெரபி வந்து சேர வேண்டும். அதற்கு எந்த வழி ஒத்துவருகிறதோ அதுதான் உங்களுக்கான வழி. கருவிகளின் பளபளப்பு, பயிற்சித் திட்டத்தின் பெயர், வசதி எல்லாம் அப்புறம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நோயின் போக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தரும் செல்கள் குறையக் குறைய, முதலில் அடிபடுவது தன்னிச்சையாக ஓடிக்கொண்டிருந்த அசைவுகள். சட்டைப் பொத்தான் போடுவது, நாற்காலியிலிருந்து எழுவது, படுக்கையில் புரண்டு படுப்பது, கையெழுத்துப் போடுவது: இவற்றையெல்லாம் நாம் யோசித்துச் செய்வதில்லை. பார்கின்சன் வந்தவர் யோசித்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், கவனம் வைத்து, ஒவ்வொரு படியாகச் செய்தால் பல வேலைகள் கைகூடுகின்றன. எழுத எழுதச் சுருங்கிப்போகும் கையெழுத்து, கோடு போட்ட தாளில் ஓரளவு பெரிதாகிவிடும். வாசற்படியில் கால் நகராமல் நின்றுவிடுபவர், தரையில் குறுக்கே ஒட்டிய பட்டையைத் தாண்டச் சொன்னால் தாண்டிவிடுவார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பதில் பெரும்பகுதி இதுதான்: தானாக நடக்காததை வேறு பாதையில் நடத்துவது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்கு அவ்வளவு எளிதில் கூட வராது, பயிற்சி நின்றால் நிலைக்கவும் செய்யாது. 2007-இல் வெளியான ரெஸ்க்யூ என்ற ஐரோப்பிய ஆய்வு 153 பேருக்கு அவரவர் வீட்டிலேயே மூன்று வாரம் ஒலி, காட்சிக் குறிப்புகளை வைத்து நடைப் பயிற்சி கொடுத்தது. நடை தேறியது. பயிற்சி முடிந்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்தத் தேர்ச்சி பெரும்பாலும் கரைந்திருந்தது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு ஆய்வுகள், இரண்டு பதில்கள்

இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் "ஆக்குபேஷனல் தெரபி நிரூபிக்கப்பட்டது" என்றும், இன்னொரு பக்கம் "பெரிய ஆய்வில் பயன் இல்லை என்று தெரிந்துவிட்டது" என்றும் வரும். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. முடிவெடுக்கப் போகிறவர்கள் அந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது நெதர்லாந்தில் நடந்தது. 2014-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. 191 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பத்து வாரங்கள் வீட்டிலேயே தெரபி. அதிகபட்சம் 16 மணி நேரம். பார்கின்சனில் தனிப்பயிற்சி பெற்ற தெரபிஸ்டுகள் வந்தார்கள். என்ன வேலையில் முன்னேற வேண்டும் என்பதை நோயாளியே தேர்ந்தெடுத்தார். அதில் தன் திறன் எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண்ணும் அவரே போட்டார். மூன்று மாதம் கழித்துத் தெரபி பெற்றவர்களின் இடைநிலை மதிப்பெண் 5.8, பெறாதவர்களுக்கு 4.6.

இரண்டாவது பிரிட்டனில், 762 பேரை வைத்து நடந்தது. 2016-இல் ஜாமா நியூராலஜியில் வந்தது. பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் தெரபி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடலாமா? என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். எட்டு வாரத்தில் சராசரியாக நான்கே சந்திப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதையும் இரண்டு தெரபிகள் பங்கு போட்டுக்கொண்டன. சேர்ந்தவர்களும் நோய் லேசாகவோ மிதமாகவோ இருந்தவர்கள். தெரபி தேவையா இல்லையா என்று அவர்களுக்கும் மருத்துவருக்கும் உறுதியாகத் தெரியாத நிலையில் சேர்க்கப்பட்டவர்கள். தெரபி கட்டாயம் தேவை என்று தெரிந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

நெதர்லாந்து ஆய்வையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. மதிப்பெண் போட்டவர் நோயாளி. தனக்குத் தெரபி கிடைத்தது என்பது அவருக்குத் தெரியும். தன் வீட்டுக்குத் தேடி வந்து உதவியவர்மேல் ஏற்படும் நல்லெண்ணம் அந்த மதிப்பெண்ணில் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் புரிவது இது: குறிப்பிட்ட தொல்லை எதுவும் இல்லாதவருக்குப் பொதுவாக நாலு சந்திப்பு கொடுத்தால் ஒன்றும் மாறாது. தனக்கு முக்கியமான இரண்டு மூன்று வேலைகளைக் குறிவைத்து, வீட்டிலேயே, சில வாரங்கள் தொடர்ந்து செய்தால் மாற வாய்ப்பிருக்கிறது.

வீடும் கிளினிக்கும்

கிளினிக்கில் வாய்ப்புகள் அதிகம். பல வகை வாக்கர்களை அங்கேயே பிடித்து நடந்து பார்க்கலாம். நரம்பியல் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். வீட்டை விட்டுக் கிளம்புவதே சிலருக்கு நல்லது. உற்சாகம் வற்றிப்போவதும் இந்த நோயின் ஓர் அறிகுறிதான். போக வேண்டிய இடம் ஒன்று இருந்தால் அன்று எழுந்து உடுத்திக்கொள்ள ஒரு காரணம் இருக்கும்.

ஆனால் கிளினிக்கில் தெரபிஸ்ட் பார்ப்பது ஒருவரின் மிக நல்ல அரை மணி நேரத்தை. மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம் பார்த்துத்தான் குடும்பம் கிளம்பும். யாரோ கவனிக்கிறார்கள் என்றதும் நோயாளியும் முழுக் கவனத்தோடு நடப்பார். அகலமான அறை, வழுக்காத தரை, நல்ல வெளிச்சம். "இங்கே நன்றாகத்தானே நடக்கிறார்?" என்று தெரபிஸ்ட் கேட்க, "வீட்டில் வந்து பாருங்கள்" என்று மனைவி முணுமுணுக்க, இரண்டுமே உண்மைதான். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும் பிரச்சினை குறுகலான வழிகளிலும், கதவருகிலும், திரும்பும் இடங்களிலும், அவசரத்திலும்தான் தலைகாட்டும். கழிவறைக்கு விரைந்து போகும் அந்த நாலு அடியைக் கிளினிக்கில் நடித்துக் காட்ட முடியாது.

வீட்டில் அந்த நாலு அடியே பயிற்சிக் களம். கட்டிலின் உயரம் என்ன, எந்தப் பக்கமாக இறங்குகிறார், இரவில் விளக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது, கைப்பிடி எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். தாழ்ந்து உள்வாங்கும் சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியாதவர், உயரமான, கை வைத்த நாற்காலியில் தானாக எழுந்துவிடுவார். இது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்பவரும் அங்கேயே இருப்பார். அவருக்குக் கற்றுக்கொடுப்பது பாதி வேலை.

வீட்டுச் சந்திப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். தெரபிஸ்ட் காலை பதினொரு மணிக்கு வருகிறார். அதற்குள் முதல் வேளை மருந்து வேலை செய்து, குளியலும் உடுப்பும் முடிந்து, எல்லாம் சுமுகமாக இருக்கிறது. கஷ்டமோ ஆறரை மணிக்கு. ஒரு சந்திப்பையாவது அந்தக் கெட்ட நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த நேரத்தை போனில் படம் பிடித்து வையுங்கள் (அவருடைய சம்மதத்தோடுதான், தடுமாறும்போது படம் எடுப்பது யாருக்கும் பிடிக்காது).

நேரம் என்றதும் மருந்தும் சேர்ந்து வரும். பார்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவை எடுத்துக்கொள்பவருக்கு, உடுத்திக்கொள்வதும் குளிப்பதும் மருந்து பிடித்த பிறகு எளிதாக இருக்கும். புரதம் அதிகமுள்ள சாப்பாடு சிலருக்கு அந்த மருந்து உள்ளே போவதைத் தடுக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மருந்தை எடுக்கச் சொல்வதுண்டு. நேரத்தை மாற்றுவது மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டியது. ஆனால் எந்த வேலை எந்த நேரத்தில் இடறுகிறது என்ற குறிப்பை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது தெரபியின் பயன்களில் ஒன்று. சில சமயம் பொத்தான் பிரச்சினைக்கு விடை, குளியலை முக்கால் மணி நேரம் தள்ளிப்போடுவதாகவே இருந்துவிடும்.

வீடியோவில் எவ்வளவு முடியும்

முதல் மதிப்பீட்டுக்கு வீடியோவை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேமரா அறையின் ஒரு மூலையைத்தான் காட்டும். கை மூட்டின் விறைப்பைத் தொட்டுத்தான் உணர முடியும். விழும் அபாயம் உள்ளவரை எழுந்து திரும்பச் சொல்லிவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது சரியல்ல. பக்கத்தில் ஒருவர் நிற்கவே வேண்டும். பார்கின்சனில் குரலும் மெலிந்துபோகும், முகமும் உணர்ச்சி காட்டாது. திரையில் அந்த இரண்டும் இன்னும் மங்கிவிடும். அவர் சலித்துப்போயிருக்கிறாரா, புரியவில்லையா என்று தெரபிஸ்டால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

இரண்டு முறை நேரில் வந்து பார்த்த அதே தெரபிஸ்ட் பிறகு வீடியோவில் தொடர்வது வேறு கதை. சொல்லிக்கொடுத்தது நடக்கிறதா, பொருத்திய கைப்பிடி சரியான இடத்தில் இருக்கிறதா, கவனித்துக்கொள்பவர் களைத்துப்போகிறாரா என்பதற்கு இருபது நிமிட அழைப்பு போதும். கற்றது நிலைக்க மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதால், நீண்ட இடைவெளியில் ஒரு நேர்ச் சந்திப்பை விட அடிக்கடி வரும் சின்ன அழைப்பு சிலருக்கு நன்றாகவே ஒத்துப்போகும். பார்கின்சன் தெரிந்த தெரபிஸ்ட் ஊரில் இல்லை என்றால், தெரியாதவரை நேரில் பார்ப்பதும் தெரிந்தவரை வீடியோவில் பார்ப்பதும்தான் கையில் உள்ள வழிகள். அப்போது உள்ளூர்க்காரரை வீட்டுக்கு வரவழைத்து, தெரிந்தவரைத் திரையில் சேர்த்துக்கொள்வதுதான் என் தேர்வாக இருக்கும்.

தீவிரப் பயிற்சித் திட்டம்

எல்எஸ்விடி பிக் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். குரலை உரக்க வைக்கும் பயிற்சியாக ஆரம்பித்த முறையிலிருந்து கிளைத்தது. அசைவுகளைப் பெரிதாக்குவதுதான் அதன் ஒரே மந்திரம். வாரத்துக்கு நான்கு நாள், நான்கு வாரம், ஒரு மணி நேரம் வீதம் மொத்தம் 16 அமர்வுகள். அதோடு தினமும் வீட்டுப் பயிற்சி. பிசியோதெரபிஸ்டும் நடத்தலாம், ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் நடத்தலாம். 2010-இல் வெளியான பெர்லின் ஆய்வில் 60 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இதையும், ஒரு குழுவுக்குக் கோலூன்றி நடக்கும் நார்டிக் நடையையும், மூன்றாவது குழுவுக்கு வீட்டிலேயே செய்யும் உடற்பயிற்சியையும் கொடுத்தார்கள். அசைவுத் திறனைக் குறிக்கும் மதிப்பெண்ணில் பிக் குழுவே முந்தியது.

நோய் ஆரம்ப நிலையில் இருந்து, வேலைக்குப் போய்க்கொண்டு, ஒரு மாதத்தை இதற்கென்று ஒதுக்க முடிந்தவருக்கு இது நல்ல தேர்வு. ஆனால் அந்த மதிப்பெண் உடலின் அசைவை அளக்கிறது. உங்கள் வீட்டுக் குளியலறையில் ஒருவர் சமாளிக்கிறாரா என்பது அதில் தெரியாது. களைப்பு அதிகம் உள்ளவர்களுக்கும், "கையை நான் போதுமான அளவு வீசவில்லை" என்று தன்னைத்தானே கவனித்துத் திருத்திக்கொள்ள முடியாத அளவுக்கு நினைவும் கவனமும் தளர்ந்தவர்களுக்கும், இதில் போடும் உழைப்புக்குத் தக்க பலன் கிடைப்பது கடினம். அவர்களுக்கு இடத்தை மாற்றியமைப்பதும் கவனித்துக்கொள்பவருக்குப் பயிற்சி கொடுப்பதுமே கைகொடுக்கும்.

நாமே உபகரணம் வாங்கிக்கொண்டால்?

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். நடுக்கத்தைத் தானே சரிசெய்யும் மின்னணுக் கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வருவது. கரண்டியைத் தூக்கியதும் பலருக்கு அது தணிந்துவிடும். சாப்பிடும்போது அவர்களைத் தடுப்பது வேகக்குறைவும் விறைப்பும். அதற்கு அந்தக் கரண்டி மருந்தல்ல. சாப்பிடும்போதே கை ஆடுபவர்களும் உண்டு, அவர்களுக்கு உதவலாம். யார் எந்த வகை என்று பார்க்காமல் வாங்கினால் அது அலமாரியில்தான் இருக்கும்.

வாக்கரும் அப்படியே. ஒவ்வொரு அடிக்கும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டிய சக்கரமில்லாத வாக்கர், கால் உறைந்து நிற்பவருக்கு நிலைமையை மோசமாக்கும். சக்கரமும் நல்ல பிரேக்கும் உள்ளதுதான் ஒத்துவரும். சிலருக்கு அதுவுமே ஆபத்து. வண்டி முன்னால் ஓடிவிடும், கால் பின்னால் நின்றுவிடும். இதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது.

தெரபிஸ்டுக்காகக் காத்திருக்காமல் செய்துவிடக்கூடியவையும் இருக்கின்றன. பின்பட்டை இல்லாத செருப்பை ஒதுக்குங்கள். நடைபாதையில் கிடக்கும் விரிப்பையும் வயரையும் அகற்றுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு போடுங்கள். கழிவறையிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடிகள் வேண்டும். உறிஞ்சியில் ஒட்டும் வகை எடையைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். இடுப்புப் பகுதியில் மட்டும் வழுவழுப்பான துணியை விரித்தால் படுக்கையில் புரள்வது எளிதாகும், ஆனால் கால் படும் இடத்தில் அது வேண்டாம், வழுக்கிவிடும்.

ஒன்றுதான் முடியும் என்றால்

பிசியோதெரபியா, ஆக்குபேஷனல் தெரபியா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை பலருக்கு. அடிக்கடி விழுகிறார், நடை தளர்ந்துவிட்டது, சமநிலை போய்விட்டது என்றால் பிசியோதெரபி முதலில். உடுத்துவது, குளிப்பது, சாப்பிடுவது, எழுதுவது, அலுவலக வேலை, ஒரே நேரத்தில் இரண்டு காரியம் பார்ப்பது என்று நாளின் வேலைகள் நழுவுகின்றன என்றால் ஆக்குபேஷனல் தெரபி. படுக்கையில் புரள்வதும் எழுவதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

எப்போது ஆரம்பிப்பது? அன்றாட வேலைகளில் கஷ்டம் வந்துவிட்டவர்களை ஆக்குபேஷனல் தெரபிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். நோயின் ஆரம்பத்திலேயே பார்கின்சன் அனுபவமுள்ள தெரபிஸ்டிடம் மதிப்பீட்டுக்கும் ஆலோசனைக்கும் அனுப்புவதைப் பற்றி யோசிக்கவும் சொல்கிறது. பிரிட்டன் ஆய்வையும் மனதில் வைத்து நான் இப்படிப் பிரித்துக்கொள்வேன்: தொல்லை இல்லாத ஆரம்பக் கட்டத்தில் ஒன்றிரண்டு ஆலோசனைச் சந்திப்புகள் போதும். வேலை, வண்டி ஓட்டுவது, கணினி, கையெழுத்து பற்றிப் பேசிவிட்டு வரலாம். குறிப்பிட்ட வேலை ஒன்று தடுமாறத் தொடங்கியதும் சில வாரத் தொடர் தெரபி. வருடம் முழுக்க வாரம் ஒருமுறை என்று இழுத்துக்கொண்டு போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தெரபிஸ்டுகள் சொல்லும் ஒரு யோசனை குடும்பங்களுக்கு உடனே பிடிப்பதில்லை. எல்லாவற்றையும் அவரே செய்ய வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள் என்பதுதான் அது. காலையில் பொத்தானோடு அரை மணி போராடிக் களைத்துப்போனவருக்கு, அன்று மாலை நண்பர்களோடு சீட்டாடத் தெம்பு இருக்காது. சீட்டாட்டம்தான் அவருக்கு முக்கியம் என்றால் பொத்தானை இன்னொருவர் போட்டுவிடட்டும், அல்லது வெல்க்ரோவுக்கு மாறட்டும். தானே உடுத்துவதுதான் கௌரவம் என்று நினைப்பவருக்கு அரை மணி அல்ல, ஒரு மணியே ஆகட்டும். எது முக்கியம் என்பதை அவரைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் நேராகப் பயிற்சியில் இறங்கும் தெரபிஸ்டை, அவர் வீட்டுக்கே வந்தாலும், மாற்றிவிடுவது நல்லது.

தொடர் தெரபி முடியும்போது அடுத்த சந்திப்பைத் தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன்னாலேயே கூப்பிட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு: ஒருமுறை விழுந்துவிட்டால், மருந்தின் அளவோ நேரமோ மாறினால், வீடு மாறினால், கவனித்துக்கொள்பவர் மாறினால். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். புதிதாக வந்தவருக்கு எந்தக் கையைப் பிடிக்க வேண்டும், எப்போது பிடிக்கக் கூடாது, நின்றுவிட்ட காலைப் பார்த்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லாமல் ஒரு நிமிடம் எப்படிக் காத்திருப்பது என்பதெல்லாம் தெரியாது. அவருக்கென்று ஒரு சந்திப்பு கேட்டு வாங்கலாம்.